சக்கேயுவின் கணக்கு

எரிகோவின் வரிவசூல் தலைவன் சக்கேயு மனந்திரும்பியபோது அழுதான் என்று லூக்கா எழுதவில்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏய்த்துப் பறித்ததற்கு நாலு மடங்கு என்று கணக்குச் சொன்னான். அதுக்கப்புறம்தான் அந்த வீட்டுக்கு மீட்பு என்று இயேசு அறிவித்தார்.

நம்ம திருச்சபை? தீண்டாமை பெரும் சமூகப் பாவம் என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் கொள்கை ஆவணமே வெளியிட்டது. சரி, பாவத்த ஒத்துக்கிட்டாச்சு. நாலு மடங்கு எங்கே?

1950-ஆம் ஆண்டு ஆணை தலித் கிறித்தவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது அரசின் அநீதி. அதுக்கு ஊர்வலம் போறீங்க, நாங்களும் வர்றோம். ஆனா கல்லூரி இடமும் வேலையும் நிலமும் உங்க கையிலதானே இருக்கு? அதைக் கொடுக்க டெல்லி உத்தரவு எதுக்கு?

இரண்டு எஜமான்களைப் பற்றிப் பிரசங்கம் வைக்கிறீங்களே, திருச்சி மேலப்புதூர் கல்லறைக்குள் சாதிச் சுவர் எழுப்பச் சொன்னது எந்த எஜமான்?