ஓட்டுப் போட மலையேறினால் கூலி வெட்டா?

இக்கால வாலிபர்களுக்குப் பிரஜா உரிமையின் அருமை தெரியவில்லை என்று கனவான்கள் சிலர் பிரசங்கம் செய்கிறார்கள். அவர்கள் ஒருமுறை கொல்லிமலைப் பைல் நாட்டுக்கு வந்து பார்க்கட்டும்.

மரவள்ளியும் மிளகும் ஆண்டு முழுவதும் வயிற்றை நிரப்புவதில்லை. ஆகவே வாலிபர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, மில்களுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் இறங்குகிறார்கள். தேர்தல் வந்தால் அவர்கள் முதலில் கேட்பது, "ஊருக்குப் போனால் கூலி கிடைக்குமா?" என்பதே. இதை அக்கறையின்மை என்பது அநியாயம். ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாதவனின் நியாயமான கேள்வி அது.

சட்டம் என்ன சொல்கிறது? 1951-ம் வருஷத்திய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 135-பி பிரிவின்படி, பார்லிமெண்ட், சட்டசபைத் தேர்தல்களில் ஓட்டுரிமை உள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓட்டுப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை தரவேண்டும். அன்றைக்குச் சாதாரணமாகக் கூலி கிடைக்காத தினக்கூலிக்காரருக்கும் அன்றையக் கூலி உண்டு. மீறுகிற முதலாளிக்கு அபராதம் எவ்வளவு? அதிகபட்சம் 500 ரூபாய்! ஆலையை ஒரு நாள் ஓட்டினால் வரும் லாபத்துக்கு முன் இது எம்மாத்திரம்? போதாததற்கு, தொழிலாளி வராவிட்டால் ஆபத்தோ பெருநஷ்டமோ நேரும் என்ற வேலைகளுக்கு விலக்கும் உண்டு. ஊருக்குப் போய்வர ஆகும் நேரத்தைப் பற்றியோ சட்டம் மூச்சு விடவில்லை.

"பெயரை மில் ஊருக்கே மாற்றிக்கொள்" என்று யோசனை சொல்வோரும் உண்டு. தமிழகத்தில் பழங்குடி மக்களுக்கான தனித்தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமும் இரண்டே. மாற்றுகிற ஒவ்வொரு பெயரும் சேந்தமங்கலத்தில் மலைமக்களுக்கு ஓர் ஓட்டு நஷ்டம். மாற்றாமலிருந்தால், பட்டியல் திருத்த வருகிறவர் கேட்கும்போது வீட்டில் ஆளில்லை. 2025 டிசம்பரில் தமிழகத்தின் வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் விடுபட்டன. இறந்தோர், இருமுறை பதிவானோர் பெயர்களோடு இடம்பெயர்ந்தோர் பெயர்களும் அதில் சேர்ந்தே போயின.

1935-ம் ஆண்டுச் சட்டத்தில் சொத்து, வரி, படிப்பு உள்ளவருக்கே ஓட்டு. சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம்தான் அந்த வேலியை உடைத்தது. 1989-ல் ஓட்டு வயது 21-லிருந்து 18 ஆயிற்று. வேலி போன இடத்தில் இப்போது பஸ் கட்டணமும் கூலி வெட்டும் நிற்கின்றன.

அபராதத்தை முதலாளிக்கு உறைக்கும் அளவுக்கு உயர்த்த வேண்டும். தொலைவிலுள்ளோருக்குப் பயண நாளுக்கும் கூலி வேண்டும். இது நிறைவேறும்வரை காத்திருக்காமல், ஒவ்வொரு மில் சங்கமும் தேர்தல் தேதி அறிவித்த வாரத்திலேயே வெளியூர் ஓட்டர்களின் ஜாபிதாவை எழுதி, விடுமுறைக் கோரிக்கையுடன் மானேஜரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்கட்டும். 17 வயது முடிந்த தம்பி தங்கைகள் 6-ம் நம்பர் படிவத்தை முன்கூட்டியே கொடுக்கலாம். அதை எழுதித் தருவதும் சங்கத்தின் வேலையே.