வயசாச்சு என்று விட்டுவிடலாமா?

எழுபதைத் தாண்டியவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிறார். வங்கிக் கணக்கை விரல் நுனியில் வைத்திருந்தவருக்கு இப்போது எதிலும் நாட்டமில்லை. 'வயசாச்சு' என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். நெற்றிக்குப் பின்னால் மூளையின் முன்பகுதியை அழுத்தியபடி மெனின்ஜியோமா கட்டி வளர்ந்தாலும் அறிகுறிகள் இப்படியேதான் இருக்கும். மறதி நோய், மனச்சோர்வு என்று மாத்திரை சாப்பிட்டே மாதங்கள் ஓடிவிடும். பலருக்கு வலிப்பு வந்த பிறகுதான் ஸ்கேன்.

மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் தோன்றும் கட்டி இது. பெயர் வைத்தவர் அமெரிக்க அறுவை நிபுணர் ஹார்வி குஷிங், 1922இல். பெண்களிடம் அதிகம். முதுமையில் மூளை சற்றுச் சுருங்கி மண்டையோட்டுக்குள் இடம் விடுவதால், கட்டி நன்றாகப் பெருத்தும் தலைவலியே இல்லாதிருக்கலாம்.

மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி உறையை ஒட்டிப் பளிச்சென்று தெரியும். சில பேஸ்மேக்கர்காரர்களுக்கு எம்.ஆர்.ஐ. ஆகாது, சி.டி. ஸ்கேன்தான் வழி. மார்பகம் அல்லது புராஸ்டேட் புற்றுநோய் உறைக்குப் பரவினால் அதுவும் மெனின்ஜியோமா போலவே தோன்றி டாக்டரை ஏமாற்றும். எனவே பழைய சிகிச்சை விவரங்களை மறைக்காமல் சொல்லுங்கள்.

கட்டி எவ்வளவு பொல்லாதது என்பதைப் படம் உறுதியாகச் சொல்லாது. அதற்குத் திசுவை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டில் மூன்று தரங்கள். மைக்ராஸ்கோப்பின் 10 பார்வைப் பரப்புகளில், பிரிந்து பெருகும் செல்கள் 4 முதல் 19 வரை இருந்தால் இரண்டாம் தரம். மூளைத் திசுவுக்குள் ஊடுருவியிருந்தாலும் அப்படியே. 20 அல்லது அதற்கு மேல் என்றால் மூன்றாம் தரம். சில மரபணு மாற்றங்கள் இருந்தால், எண்ணிக்கை குறைவானாலும் மூன்றாம் தரம்தான். பத்தில் எட்டு கட்டிகள் முதல் தரம் என்பது ஆறுதல்.

அப்படியானால் தரத்தை அறிவதற்காக எண்பது வயதுக்காரரின் மண்டையைத் திறப்பதா? கட்டி சிறிதாக, சுண்ணாம்பு படிந்து, தொந்தரவு தராமல் இருந்தால் அவசியமில்லை. ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன், பிறகு ஆண்டுக்கு ஒன்று என்று கவனித்தால் போதும். வேகமாக வளர்ந்தாலோ, சுற்றிலும் மூளை வீங்கியிருந்தாலோ கத்தியைத் தள்ளிப்போட முடியாது. அப்போதும் பிறந்த தேதியை மட்டும் பார்த்து 'வேண்டாம்' என்பது எனக்கு உடன்பாடில்லை. இதயம், நுரையீரல், அவர் தன் வேலையைத் தானே செய்துகொள்கிறாரா என்பதையெல்லாம் பார்க்கவேண்டும்.

முதல் ஸ்கேன் படத்தைப் பத்திரமாக வையுங்கள். வளர்ச்சியை அதை வைத்துத்தான் அளக்கவேண்டும்.