பழந்துருத்தி

விரைவிற்கென்றே அமைக்கப்பட்ட பழைய மோட்டார் வண்டியொன்றில் பெட்ரோல் கசியுமாயின் அதனை உடையவர் செய்யத்தக்கது யாது? "கசியும் இடத்தைக் கண்டு அடைத்துவிடுக" என்பதே பலரும் கூறும் விடை. இவ்விடை போதாதென்பதும், சிலபோது கசிவினும் மிகுந்த தீங்கு பயக்குமென்பதும் எமது துணிபு. இலக்கியம் பயிலும் யாம் இயந்திர நூலிற் புகுதல் தகுமோ என்று சிலர் ஐயுறக்கூடும். பிழையின் தோற்றுவாயை நாடுதலும் பழையதை அழியாமற் காத்தலும் எத்துறையார்க்கும் பொதுவாதலின் இதனை எழுதத் துணிந்தோம்.

பொதுப்படக் கூறின் பொருள் விளங்காது. ஆதலின் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்து தேசத்துக் கவென்ட்ரி நகரின் ஜாகுவார் கம்பெனியார் 1975ஆம் ஆண்டில் எக்ஸ்.ஜே.-எஸ். என்னும் வண்டியை வெளியிட்டனர். அதன் எஞ்சின் பன்னிரண்டு சிலிண்டர்களும் 5,343 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. மணிக்கு ஏறக்குறைய 150 மைல் ஓடும் ஆற்றலை அவ்வண்டிக்கு அளித்தது. சிலிண்டர்கள் பக்கத்திற்கு ஆறாக, 'வி' என்னும் ஆங்கில எழுத்தின் வடிவில் சாய்ந்து நிற்கும். அவற்றின் நடுவே ஒரு பள்ளம் உண்டு. பெட்ரோலைக் கொணரும் உலோகக் குழாய் அப்பள்ளத்தின் மேலே கிடக்கின்றது. அக்குழாயினின்று, பெட்ரோலைத் தெளிக்கும் இஞ்செக்டர் ஒவ்வொன்றிற்கும் குறுகிய ரப்பர்க் குழாய் ஒன்று செல்லும். தீப்பொறிக்குரிய மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரும் அதே பள்ளத்தின் முன்புறத்தில் அமர்ந்திருக்கின்றது. பள்ளத்திற் பெட்ரோல் தேங்குமாயின் நேரக்கூடியது யாதென்பதை யாம் விரித்துரைக்க வேண்டுவதின்று.

கார்புரேட்டர் உடைய வண்டிகளிற் பெட்ரோல் மிகக் குறைந்த அழுத்தத்தில் ஓடும். ஆண்டுக் கசிவு பெரும்பாலும் சொட்டாகவே விழும். இவ்வண்டியிலோ மின்சாரப் பம்பு சதுர அங்குலத்திற்கு ஏறக்குறைய 36 இராத்தல் அழுத்தத்திற் பெட்ரோலைச் செலுத்துகின்றது. சக்கரத்தில் அடைத்த காற்றின் அழுத்தத்திற்கு இஃது ஒப்பாகும், சிறிது மிகினும் மிகும். எனவே மயிரிழை போன்ற வெடிப்பும் சொட்டாது, பனிப்புகைபோற் சீறும். பெட்ரோலோ நீருறையும் நிலைக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் பற்றத்தக்க ஆவியை விடும் இயல்பினது. அவ்வாவி காற்றினும் மும்மடங்கிற்கு மேற் கனமுடையதாகலின், மேலெழுந்து கலையாது தாழ்ந்த இடத்தை நாடித் தங்கும்.

இனி, இக்கசிவின் வஞ்சத்தைக் கேண்மின். முதிர்ந்த ரப்பர் தன் நெகிழ்ச்சியை இழந்து இறுகிவிடும். குளிர்ந்த காலையில் உலோகமும் ரப்பரும் தம்முள் வேறுபட்ட அளவிற் சுருங்குதலால் இணைப்பிற் சிறிது இடைவெளி தோன்றும். எஞ்சினைத் தொடங்கியவுடன் பெட்ரோல் மணம் வரும். கால்மணி நேரம் ஓடிச் சூடேறியபின் ரப்பர் விரிந்து இடைவெளி மூடும், மணமும் நீங்கும். உடையவர், "நோய் தானே தணிந்தது" என்று மகிழ்வர். அவர் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுசேர்க்கும்பொழுது எஞ்சின் சூடாயிருக்கும். கம்மியரும் யாதும் காணாராய், ஒரு கிளிப்பைத் திருப்புளியால் இறுக்கி அனுப்பிவிடுவர். நோய் மறைந்திருக்கும் வேளையில் நோயாளியைக் கண்ட மருத்துவரின் நிலை இது. வண்டியை இரவு முழுவதும் நிறுத்திவைத்து, விடியலிற் குளிர்ந்த நிலையிலேயே ஆராய்தல் வேண்டும்.

ஆராயும் முறையும் ஒழுங்குடையதாதல் வேண்டும். வண்டி திறந்த வெளியில் நிற்க வேண்டும். ஆவி தங்குமாதலால், பழுதுபார்க்கும் குழியின்மேல் நிறுத்துதல் ஒருபோதும் ஆகாது. தீயணைக்கும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உடைந்தாற் பொறி சிதறும் கண்ணாடிக் குமிழ் விளக்கைக் கொண்டு உட்புறம் நோக்கலாகாது. முதலில் எஞ்சினின் மேற்படிந்த அழுக்கைத் துடைத்து உலர்த்துக. அழுக்கின்மேற் புதிய ஈரம் புலப்படாது. பின்னர் எஞ்சினைத் தொடங்காமலே சாவியைத் திருப்பிப் பம்பைச் சிறிது இயக்கி அழுத்தம் ஏற்றி, வெண்காகிதத் துண்டால் ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பார்க்க. பெட்ரோல் தோன்றும் இடம் ஒன்று, சொட்டும் இடம் மற்றொன்று; குழாய் வழியே ஓடி, கிட்டிய தாழ்விடத்தில் விழுவது அதன் இயல்பு. ஆதலின் தரையிற் கண்ட துளியினின்று மேல்நோக்கி, ஈரத்தின் மிக உயர்ந்த எல்லைவரை செல்லுதல் வேண்டும்.

வெளியே ஈரம் இல்லாமலும் கேடு இருக்கலாம். அழுத்தமானியைப் பொருத்திப் பம்பை நிறுத்தியபின் முள் விரைந்து இறங்குமாயின், பெட்ரோல் எங்கோ வழி கண்டிருக்கின்றது. அவ்வழி பம்பின் தடைவால்வாகவோ, அழுத்தச் சீராக்கியாகவோ, மூடாத இஞ்செக்டராகவோ இருத்தல் கூடும். எஞ்சின் எண்ணெயை அளக்கும் கம்பியிற் பெட்ரோல் மணந்தால், இஞ்செக்டர் வழியே அது சிலிண்டருட் கசிந்து எண்ணெயோடு கலந்ததென்று ஐயுறுதல் தகும். வெளிக்குழாயை மட்டும் மாற்றுவோர் இதனைக் காணார்.

மூலத்தைக் கண்டபின்னரே எமது கருத்திற்கு மாறுபடுவோர் தோன்றுகின்றனர். பன்னிரண்டு குழாய்களில் ஒன்று வெடித்ததாயின் அவ்வொன்றையே மாற்றுவது சிக்கனம் என்பர் ஒருசாரார். அப்பன்னிரண்டும் ஒரே காலத்திற் பொருத்தப்பட்டு ஒரே வெப்பத்தில் வெந்தவை. ஒன்று முறிந்ததென்பது ஏனையவற்றின் நிலைமையை அறிவிக்கும் செய்தியேயாம். ஒன்றை மாற்றியவர் மற்றொன்று எப்பொழுது வெடிக்குமென்பதைத் தாம் அறியாமலே வண்டியைச் செலுத்துகின்றார். அருகில் அமர்ந்திருப்போரும் அதனை அறியார். ஆதலின் பெட்ரோல் செல்லும் ரப்பர்க் குழாய்களெல்லாவற்றையும், தொட்டியின் அண்மையிலுள்ளவை உட்பட, ஒருங்கே மாற்றுதலே நேர்மை. கிளிப்புகளும், ரப்பரை வெட்டும் கூர்விளிம்பு உடையன நீங்கி, சுற்றிலும் ஒப்ப இறுக்கும் மழுங்கிய விளிம்புடையனவாக வேண்டும். வேலை தொடங்குமுன் மின்கலத்தின் இணைப்பை நீக்கி, குழாயிலுள்ள அழுத்தத்தையும் தணித்தல் இன்றியமையாதது.

எத்தகைய குழாயை இடுவது என்பது அடுத்த வினா. இவ்விடத்தே பழந்துருத்தியிற் புதிய திராட்சரசம் வார்ப்பதைப் பற்றிய சுவிசேஷ உவமை எமக்கு நினைவு வருகின்றது. எத்தனாலைப் பெட்ரோலிற் கலக்கும் வழக்கம் பிற்காலத்தே பெருகியது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை எத்தனால் கலந்த பெட்ரோலே பொது வழக்காயிற்று. பழைய வண்டிகளின் பொருட்டு, ஐந்து பங்கிற்கு மேற்படாத உயர்தரப் பெட்ரோலும் விற்கப்படலாயிற்று. இந்தியாவிலோ 2025ஆம் ஆண்டில் அக்கலப்பு இருபது பங்கை எட்டியது. 1975இல் இயற்றப்பட்ட ரப்பர் இக்கலவையை எண்ணி அமைக்கப்பட்டதன்று. எத்தனால் அத்தகைய ரப்பரை ஊதச் செய்யும். அதன் நெகிழ்ச்சிக்குரிய பொருளைக் கரைத்து இழுக்கும். காற்றின் ஈரத்தை ஏற்று உலோகத்தையும் அரிக்கச் செய்யும். உவமையிற்போலவே ஈண்டும் உள்ளிருப்பதும் கொள்கலமும் ஒருங்கே பாழாகும். ஆதலின் குழாயின்மேல் அச்சிட்ட குறியைப் படித்தே வாங்குதல் வேண்டும். ஆர்9 என்னும் குறியுடையது எத்தனாலையும் இஞ்செக்டர் வண்டியின் அழுத்தத்தையும் தாங்குமாறு அமைந்தது. கார்புரேட்டருக்குரிய குறைந்த வலிமைக் குழாய் இதற்கு ஆகாது.

மற்றொரு சாரார், தொழிற்சாலையிலிருந்து வந்த உறுப்பு ஒன்றும் மாறலாகாது, மாறின் வண்டி தன் உண்மையை இழக்கும் என்பர். பழமையின்பால் அன்புடைய எமக்கு இவர்மேல் வெறுப்பில்லை. ஆயினும் இவர் பிழைபட எண்ணுகின்றனர். பனையேடு செல்லரித்து முறியும் இயல்பினது. நம் முன்னோர் முதிர்ந்த ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வந்தமையாலன்றோ சங்க நூல்கள் நம் கைக்கு எட்டின? ஏடு புதிதாயினமையாற் புறநானூறு புதிய நூலாகிவிடவில்லை. புத்தேடு எழுத மறுத்தோரின் நூல்களோ ஏட்டோடு மாய்ந்தன. எஞ்சினும் அதன் அமைப்பும் நூல் எனின், ரப்பர் அந்நூலைத் தாங்கும் ஏடேயாம். கழற்றிய பழங்குழாயை ஆண்டு குறித்துப் பெட்டியில் வைத்துப் போற்றுக. அதனைக் கொதிக்கும் எஞ்சின்மேல் வைத்துப் போற்றற்க.

இத்தகைய வண்டிகளே வேண்டா, இரும்புக்கடைக்கு அனுப்புக என்பாரும் உளர். முறையாகப் புதுக்கப்பட்ட வண்டியினின்று வரும் இடர், அழிந்த ரப்பரோடு ஓடும் வண்டியின் இடர் அன்று. சில அடி நீளக் குழாயை மாற்றச் சோம்பி, பல நூறு கம்மியர் கைபடச் செய்த வினைத்திறனைத் தீக்கோ இரும்புக்கடைக்கோ கொடுத்தல் எவ்வாற்றானும் தகாது.

வேலை முடிந்ததும் கடமை முடிந்துவிடாது. சாவியைத் திருப்பி அழுத்தமேற்றி ஒவ்வோர் இணைப்பையும் மீண்டும் நோக்குக. எஞ்சின் சூடேறியபின் ஒருமுறை நோக்குக. வண்டியை இரவு முழுவதும் நிறுத்தி, நோய் முதலில் தோன்றிய அந்தக் குளிர்ந்த விடியற்பொழுதில் இன்னுமொருமுறை நோக்குக. வெண்காகிதம் உலர்ந்தே வருமாயின், மாற்றிய ஆண்டையும் மாதத்தையும் ஒரு சீட்டில் எழுதி எஞ்சின் மூடியின் உட்புறத்தே ஒட்டுக. அடுத்து அவ்வண்டியைக் கொள்வோர் நம்மை அறியார். ஆயினும் அவர் உயிருக்கு நாம் செய்யும் காவல் அச்சீட்டிலிருந்தே தொடங்கும்.