லே போகிறவர்களுக்கு



கோடை நெருங்கினால் நம் தபாலில் ஒரே கேள்வி பல கையெழுத்துகளில் வந்து விழும். "மணாலியிலிருந்து லே வரை பைக்கில் போகப்போகிறோம், எந்த வண்டி எடுக்கலாம்?" எந்த வண்டியும் போகும். திருவொற்றியூரில் பிறந்த புல்லட்டுக்கு அந்தப் பாதையில் தனி மரியாதை உண்டுதான். ஆனால் அதே ஏற்றத்தில் நூறு சிசி வண்டியில் மூட்டை கட்டிக்கொண்டு சாவகாசமாகப் போகிற உள்ளூர்க்காரரையும் பார்க்கலாம்.

உடம்பைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. பழைய கார்புரேட்டர் வண்டிகள் உயரம் ஏற ஏற மூச்சு வாங்கும். காற்று குறைந்தாலும் பெட்ரோல் குறையாமல் இறங்குவதால் கரும்புகை கக்கும். இப்போதைய வண்டிகளில் சென்சார் காற்றழுத்தத்தை அளந்து அந்த நொடியே பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. நம் உடம்போ அந்தக் கணக்கைப் போட்டு முடிக்க இரண்டு மூன்று நாள் கேட்கும்.

மணாலி ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முன்பெல்லாம் ரோதாங் கணவாயின் சேற்றைத் தாண்டுவதற்குள் பாதி நாள் போய்விடும், கேலாங்கில் படுத்துவிடுவார்கள். 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் 46 கிலோமீட்டரைக் குறைத்துவிட்டது. வேலை சுலபமானதும் ஆசை கூடிவிட்டது: "இன்றைக்கே சர்ச்சு போய்விடலாம்!" சர்ச்சு 4,200 மீட்டருக்கும் மேலே. பகலில் ஒன்றும் தெரியாது. இரவு கூடாரத்தில் படுத்த பிறகுதான் மண்டை இடிக்கும், சப்பாத்தி தொண்டையில் இறங்காது. சரி, கீழே போய்விடலாம் என்றால் அங்கேதான் சிக்கல். தெற்கே திரும்பினால் 4,890 மீட்டர் பாரலாச்சா கணவாய், வடக்கே போனால் 5,059 மீட்டர் லாச்சுலுங் கணவாய். இறங்குவதற்கே ஏற வேண்டும். அதற்கும் அப்பால் டக்லாங் கணவாய் 5,328 மீட்டர். காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதி.

ஆகவே முதல் இரவு, சர்ச்சுவுக்கு முன்னாலேயே வருகிற ஜிஸ்பாவைத் தாண்டாதீர்கள். லீவு தாராளமாக இருந்தால் ஸ்ரீநகர், கார்கில் வழியாக லேவுக்கு ஏறி, மணாலி வழியாக இறங்குங்கள். ஸ்ரீநகர்ப் பக்கம் உயரம் படிப்படியாகக் கூடும், உடம்பு கோபித்துக்கொள்ளாது.

அடுத்தது நாலாக்கள். பனி உருகிச் சாலையின் குறுக்கே ஓடும் ஓடைகளுக்கு அங்கே அதுதான் பெயர். விடியற்காலையில் கணுக்கால் அளவு ஓடுகிற தண்ணீர், வெயில் ஏறிப் பனி உருக உருக, பிற்பகலில் முழங்காலுக்கு வந்து நிற்கும். காலையில் டீக்கடையில் இன்னொரு ஆம்லெட்டுக்காக உட்கார்ந்த ஒரு மணி நேரம் மாலையில் தண்ணீராக எதிரே வரும். வந்த வேகத்தில் வண்டியை விட்டுவிடாதீர்கள். நிறுத்தி, முதலில் வேறு யாராவது போவதைப் பாருங்கள். பிறகு முதல் கியர், சீரான ஆக்சிலரேட்டர். அடியில் உருளுகிற கூழாங்கல்லைப் பார்க்காமல் எதிர்க்கரையைப் பார்த்து ஓட்டுங்கள். நடுவில் எஞ்சின் நின்றால் செல்ஃப் பட்டனைத் தொடவே கூடாது. உள்ளே தண்ணீர் போயிருந்தால் எஞ்சின் காலி. கரைக்குத் தள்ளி, ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பார்த்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் மறுபடி முயல வேண்டும்.

கேலாங்குக்கு முன்னால் வரும் தாண்டி என்ற ஊரில் டேங்கை நிரப்புங்கள். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று பலகையே எழுதி வைத்தார்கள். வழியில் வரும் மோரே சமவெளி பற்றி ஆளாளுக்கு எழுதியாகிவிட்டது, நான் விட்டுவிடுகிறேன்.

ஆனால் சாலை போடுகிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். 1960-இல் தொடங்கிய எல்லைச் சாலைகள் அமைப்பு ஆண்டுதோறும் பனியை வெட்டி இந்தப் பாதையைத் திறக்கிறது. அதற்காகக் கல் உடைப்பவர்களில் பலர் ஜார்க்கண்டின் தும்கா பக்கத்துச் சமவெளிக்காரர்கள். நமக்கு மூச்சு வாங்குகிற அதே உயரத்தில் அவர்கள் தார் டிரம்மைச் சூடாக்கிக்கொண்டிருப்பார்கள். கணவாய்ப் பலகையோடு படம் எடுக்க வரிசையில் நிற்கிற நம்மில் எத்தனை பேர் அவர்கள் பக்கத்தில் வண்டியை மெதுவாக்குகிறோம்? வேகமாகப் போனால் புழுதி முழுக்க அவர்கள் முகத்தில்தான்.

பைக் ஓட்டத் தெரியாதவர்கள் மனம் தளர வேண்டாம். டெல்லியிலிருந்து லே வரை கோடையில் ஹிமாச்சல் அரசுப் பேருந்து ஓடுகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். வழியில் கேலாங்கில் இரவு தங்கல். ஜன்னலோர சீட்டுக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய் நில்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்