தாங்கலைக் காணச் செயற்கைக்கோள் போதுமா?



சென்னை ஈக்காட்டுத்தாங்கல் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? கிண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய பணிமனைகள், உயரமான அலுவலகங்கள், 2015-இல் திறக்கப்பட்ட மெட்ரோ ரயில் நிலையம், அருகே ஓடும் அடையாறு. ஆனால் ஊரின் பெயர் வேறொரு செய்தியைச் சொல்கிறது. தாங்கல் என்றால் பாசனத்துக்குரிய சிறிய ஏரி. பழவந்தாங்கல் என்ற பெயரிலும் தாங்கல் உண்டு. பறவைகளுக்குப் புகழ்பெற்ற வேடந்தாங்கலிலும் உண்டு. வேடந்தாங்கலில் ஏரி இன்றும் இருக்கிறது. மற்ற பல ஊர்களில் பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

எஞ்சியுள்ள நீர்நிலைகளையாவது காப்பாற்ற வேண்டாமா? காப்பாற்ற வேண்டுமானால், அவை எங்கே, எவ்வளவு பரப்பில் உள்ளன என்பது முதலில் தெரிய வேண்டும். இங்கேதான் தொலை உணர்வு என்னும் அறிவியல் உதவிக்கு வருகிறது.

சூரிய ஒளி பூமியில் பட்டுத் திரும்புகிறது. பச்சை இலை சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. தெளிந்த நீரோ அகச்சிவப்புக் கதிர்களை விழுங்கிவிடுகிறது. ஆகவே அகச்சிவப்புப் படத்தில் செடிகொடிகள் ஒளிர்ந்தும் நீர்நிலை இருண்டும் தெரியும். 1970-இல் பி. ஆர். பிஷாரடி தலைமையில் நம் அறிவியலாளர்கள் கேரளத் தென்னந்தோப்புகளின் மேல் ஹெலிகாப்டரில் பறந்து, அகச்சிவப்புப் படச்சுருளைக் கொண்டு தென்னையின் வேர்வாடல் நோயைக் கண்டறிந்தார்கள். நாட்டில் தொலை உணர்வுக்கு அது நல்ல தொடக்கம். 1988 மார்ச் 17 அன்று ஐ.ஆர்.எஸ். 1ஏ செயற்கைக்கோள் ஏவப்பட்டபின் அந்தப் பார்வை விண்வெளிக்கே உயர்ந்தது.

இதனால் விளைந்த நன்மை பெரிது. அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தயாரித்த தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பு 2011-இல் வெளிவந்தது. அதில் 2,01,503 ஈரநிலங்கள் எல்லை வரைந்து காட்டப்பட்டன. 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பட்டியலையே அடிப்படையாகக் கொண்டு, அத்தனை ஈரநிலங்களையும் பாதுகாக்க வேண்டும் என்று ஆணையிட்டது. வானிலிருந்து எடுத்த படம் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னது எனலாம்.

ஆனால் அந்தச் சாட்சி எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவைதாம் எல்லையுடன் வரையப்பட்டன. அதற்குக் குறைந்த 5,55,557 சிறு நீர்நிலைகள் வெறும் புள்ளிகளாகவே குறிக்கப்பட்டன. அது என்ன 2.25 ஹெக்டேர்? கணக்கிட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு 150 மீட்டர் உள்ள சதுரத்தின் பரப்பு அது. வரைபடத்தின் அளவு 50,000-க்கு 1. அதில் 150 மீட்டர் என்பது 3 மில்லிமீட்டர் ஆகிவிடும். அதைவிடச் சிறியதற்கு எல்லை வரைவது கடினம். ஆக, குறை செயற்கைக்கோளின் கண்ணில் இல்லை. நாம் தேர்ந்துகொண்ட வரைபட அளவில்தான் இருக்கிறது. இன்றைய நம் செயற்கைக்கோள்கள் சில மீட்டர் அகலமுள்ள பொருளையும் பிரித்துக் காட்டக்கூடியவை.

ஆகையால் பட்டியலுக்கு உள்ளே இருப்பதற்கு மட்டுமே மதிப்பு, வெளியே இருப்பது வெற்றுநிலம் என்று முடிவு செய்வது தவறு என்பது என் கருத்து. சிறு குளத்தில்தான் தவளை முட்டையிடுகிறது, தும்பி வளர்கிறது. ஒவ்வொரு தாங்கலும் தன்னால் இயன்ற மழைநீரைத் தேக்கி வைக்கிறது. அதைத் தூர்த்துவிட்டால் அந்த நீர் தெருவில்தானே ஓடும்? 2015 டிசம்பரில் அடையாறு பெருகி ஈக்காட்டுத்தாங்கலிலும் வெள்ளம் புகுந்ததைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. படம் பரப்பைக் காட்டும்; பயனைக் காட்டாது. தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அத்தகைய நிலத்தில் ஆகாயத்தாமரை மண்டினாலும், பறவைகளுக்கு இடந்தரும் கோரை வளர்ந்தாலும், அகச்சிவப்புப் படத்தில் இரண்டுமே செழித்த பசுமையாகத் தெரியக்கூடும். எது நோய், எது நலம் என்பதை அருகில் சென்று பார்ப்பவரே உறுதியாகச் சொல்ல முடியும். வேடந்தாங்கல் மக்கள் எந்தச் செயற்கைக்கோளையும் எதிர்பார்க்கவில்லை. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அனுபவத்தில் அறிந்து, 18-ஆம் நூற்றாண்டிலேயே பறவைகளைக் காத்தார்கள். அவர்களுடைய உரிமையை 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் எழுத்து மூலம் ஏற்றுக்கொண்டார்.

2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இதே தேவையை வலியுறுத்தியது. புதிய கணக்குப்படி 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஈரநிலங்கள் 2,31,195. அவற்றை நேரில் சென்று சரிபார்த்து எல்லை குறிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு அது உத்தரவிட்டது. பெரியவற்றுக்கே இது வேண்டுமென்றால், புள்ளிகளாக நிற்கும் சிறியவற்றுக்கு இன்னும் அதிகமாக வேண்டாமா?

"இத்தனை லட்சம் குளங்களை யார் போய்ப் பார்ப்பது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதிகாரிகளால் மட்டும் இயலாது. ஆனால் ஊருக்கு ஊர் பள்ளி இருக்கிறதே! ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 2015 முதல் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். உங்கள் ஊர்க் குளத்தின் ஜனவரி மாதப் படத்தையும் மே மாதப் படத்தையும் ஒப்பிடுங்கள். பிறகு ஆசிரியருடன் நேரில் செல்லுங்கள். வரத்துக் கால்வாய் திறந்திருக்கிறதா? மதகும் கலங்கலும் எந்த நிலையில் உள்ளன? என்னென்ன பறவைகள் வருகின்றன? அந்த நீரை யார் பயன்படுத்துகிறார்கள்? எழுதி, தேதியிட்டு, ஊராட்சியிடமோ மாநகராட்சியிடமோ கொடுங்கள். அத்தகைய குறிப்புகளை ஏற்று, சிறு நீர்நிலைகளையும் எல்லையுடன் வரைபடத்தில் சேர்ப்பது அரசின் கடமை.

செயற்கைக்கோள் ஒரு குளம் சுருங்குவதைக் காட்டும். ஏன் சுருங்குகிறது என்று கேட்க மனிதர்தாம் வேண்டும். அந்தக் கேள்வியை உங்கள் ஊர்க் குளத்தின் கரையிலிருந்து தொடங்குங்கள்.