குத்திய காதைச் சும்மா விடுங்கள்

காதுகுத்துக்கு நாள் பார்க்கிறோம், நட்சத்திரம் பார்க்கிறோம், தாய்மாமன் எந்தத் திசை பார்த்து உட்கார வேண்டும் என்பதுவரை பார்க்கிறோம். மொட்டை, சீர்வரிசைத் தட்டு, பந்தி, மொய் எல்லாம் ஒரே பொழுதில் முடிந்துவிடும். அதிலும் ஆசாரி கம்பியை ஏற்றி முறுக்க ஆகும் நேரம் கொஞ்சம்தான். அதற்குப் பிறகு வரும் வாரங்களுக்குத்தான் பஞ்சாங்கம் கிடையாது. காதின் கீழ்ச்சதை ஆற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மூக்குக்கு மூன்று நான்கு மாதம். மேல்காதின் குருத்தெலும்பிலோ தொப்புளிலோ குத்தியிருந்தால் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகிவிடும். இதற்கிடையில் புண் பழுத்துப்போனால், 'சரியாகக் கவனிக்கவில்லை' என்று பெற்றவள்மேல்தான் பழி விழும். எனக்கென்னவோ அந்தப் பழி நியாயமாகப் படவில்லை. பழுத்துப்போகிற காதுகளில் பல, கவனிப்பு குறைந்து கெட்டவை அல்ல. கவனிப்பு கூடிப்போய்க் கெட்டவை.

குத்திய துளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது புரியும். தோல் முன்பக்கத்திலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் உள்நோக்கி மெல்ல வளர்ந்து, கம்பியைச் சுற்றி ஒரு குழாய்போல மூடுகிறது. வெளியே பார்க்க ஆறிய மாதிரி இருக்கும்போதும் உள்ளே பச்சைப் புண்ணாகவே இருக்கும். வெள்ளையாகக் கசிந்து காய்ந்து கம்பியில் பொருக்குத் தட்டுவது இயல்பானது. அது சீழ் அல்ல. 'ஒட்டிக்கொள்ளும், சுற்றிவிடு' என்று தினமும் தோட்டைத் திருகுகிறோமே, அப்போது அந்தக் காய்ந்த பொருக்கு இளந்தோலைக் கீறிக்கொண்டு உள்ளே போகிறது. கூடவே விரல் அழுக்கும் போகிறது. சுற்றச் சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் தோடு சதைக்குள் புதைவதற்குப் பெரும்பாலும் காரணம் திருகாணியை இறுக்கி முடுக்குவதுதான். குத்திய இடம் வீங்கும் என்று தெரிந்து, கொஞ்சம் இடம் விட்டுப் போட்டால் சுற்றவேண்டிய வேலையே இல்லை.

சுத்தம் செய்யப்போய்க் கெட்டதற்கு எழுத்தில் பதிவான சாட்சியே உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், வணிக வளாகத்துக் கடை ஒன்றில் மேல்காது குத்திக்கொண்டவர்களுக்கு சூடோமோனாஸ் என்ற கிருமி தொற்றியது. 2004-இல் மருத்துவ இதழில் வெளிவந்த அந்த விசாரணையில் உறுதியான தொற்று 7 பேருக்கு. ஏழும் குருத்தெலும்பில் குத்திய காதுகள். அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால், கிருமிநாசினி தெளிக்கும் பாட்டிலுக்குள்ளேயே அது குடியிருந்தது. குருத்தெலும்புக்குத் தனக்கென்று ரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய உறைதான் அதற்குச் சோறு போடுகிறது. இடையில் சீழ் கட்டினால் குருத்தெலும்பு பட்டினியில் செத்து, காது சுருங்கிப்போகும். கீழ்ச்சதையில் தாங்கிக்கொள்கிற தவற்றை மேல்காது தாங்காது.

இங்கே பாட்டிமார் கட்சி ஒன்று எழும். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவி, தோடு இல்லாத நாளில் துளையில் வேப்ப ஈர்க்கைச் செருகி வளர்ந்த காதுகள்தானே நம்முடையவை, கொப்பும் முருகும் மேல்காதில் போட்டவர்கள்தானே அவர்கள் என்று கேட்பார்கள். இன்னும் போனால், காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பல்லவர் செதுக்கி 1,300 ஆண்டாகத் தொங்கும் குழைகளைக் காட்டுவார்கள். (சிலையின் காது பழுப்பதில்லை என்பது அதில் ஒரு வசதி.) பாட்டிக்குச் சேரவேண்டிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். கையால் ஏற்றிய கூர்மையான பொன்கம்பி, அழகுக்கடைத் துப்பாக்கியைவிட மேல். துப்பாக்கி மழுங்கிய தோட்டை விசையால் சதைக்குள் அடிக்கிறது. பிளாஸ்டிக் துப்பாக்கியை நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கவும் முடியாது. ஆறு, ஏழாம் மாதத்தில் குத்துவதும் நல்ல வழக்கமே. பிறந்து 6, 10, 14 வாரங்களில் போடும் தடுப்பூசியில் ரணஜன்னிக்கான மருந்தும் இருப்பதால் குழந்தைக்கு அதற்குள் காப்பு வந்திருக்கும். மஞ்சள் விஷயத்தில்தான் நான் ஒத்துப்போக முடியவில்லை. கடையில் வாங்கிய பொடியும் குளியலறை அலமாரியில் திறந்திருக்கும் எண்ணெயும் சுத்தமானவை என்று யார் சொன்னது? குழைத்துப் பூசினால் துளையின் வாயை அடைத்து, கசிவை உள்ளேயே நிறுத்திவிடும். அந்தக் காலத்தில் பழுத்து, தூர்ந்து, அறுந்துபோன காதுகளை யாரும் எண்ணி வைக்கவில்லை. தேறி வந்த காதுகள்தான் நம்மோடு பேசுகின்றன. ஆயுர்வேதத்தின் பழைய ஆசான் சுசுருதர் காது குத்தியதும் திரி நுழைத்து எண்ணெய் விடச் சொன்னார் என்றும், மூன்று நாளுக்கொரு முறை திரியைப் பருமனாக்கச் சொன்னார் என்றும் வைத்தியம் தெரிந்தவர்கள் எடுத்துக்காட்டலாம். அது துளையைப் பெரிதாக்கும் வழி. திரி உறுத்தி வலித்தால் எடுத்துவிட்டு, புண் ஆறிய பிறகு மறுபடி குத்தச் சொன்னவரும் அவரே.

அதைவிடப் பலமான கேள்வி முருகன் கோயிலிலிருந்து வருகிறது. ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறுகிற காவடிக் கூட்டத்தில் கன்னத்தில் வேல் குத்தி வருகிறவர், இறங்கியதும் திருநீறு வைத்துக்கொண்டு இரண்டொரு நாளில் சாதாரணமாகச் சாப்பிடுகிறாரே, ஒரு காதுத் துளைக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? பக்தியைப் பற்றிப் பேச நான் வரவில்லை. புண்ணைப் பற்றிப் பேசலாம். கன்னத்திலும் நாக்கிலும் ரத்த ஓட்டம் தாராளம், அலகும் அன்றைக்கே உருவப்படுகிறது. வெற்றுப் புண் தானே மூடிக்கொள்ளும். காதிலோ மூடவிடாமல் ஓர் உலோகத்தை உள்ளே வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி ஆறு என்று உடம்புக்குச் சொல்கிறோம். இரண்டும் வேறு வேலை. (ஒருவருக்குக் குத்திய அலகை இன்னொருவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமியும் சேர்ந்தே போகும். ஆசாரியின் ஊசிக்கும் இதே நியாயம்தான்.)

சும்மா விடு என்றால் அழுக்கோடு விடு என்று பொருளில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத சலைனால் காலையும் மாலையும் நனைத்து, இளகிய பொருக்கை மட்டும் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தால் போதும். சலைன் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு தம்ளர் தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பு. அதற்குமேல் உப்புப் போட்டால் புண் வறண்டு எரியும். ஸ்பிரிட்டும் டெட்டாலும் புதுத் தோலையும் சேர்த்துத் தீய்க்கும். மொட்டையடித்து, காது குத்தி, கையோடு காஞ்சியின் சர்வ தீர்த்தக் குளத்தில் முக்கி எடுக்கும் ஆசையைத் தள்ளிப்போடலாம். முழுக்கு முதலில், குத்துவது பிறகு. சிவப்பு சுற்றிலும் பரவினாலோ, மஞ்சள் பச்சையாகச் சீழ் வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், மருத்துவரிடம் போய்விட வேண்டும். தோட்டை நாமாகப் பிடுங்கவும் கூடாது. துளை மூடி, சீழ் உள்ளே மாட்டிக்கொள்ளலாம்.

உலோகத்தில் மட்டும் கஞ்சத்தனம் உதவாது. 916 என்று முத்திரையிட்ட 22 காரட் தங்கத்தில் மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். கவரிங்கில் முலாம் தேய்ந்தால் அடியிலிருந்து நிக்கல் கிளம்பும். ஒருமுறை நிக்கல் ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுசுக்கும் போகாது. ஐரோப்பிய ஒன்றியம் 1994-இலேயே நிக்கலுக்குச் சட்டம் போட்டது. உடம்பில் குத்திய துளைக்குள் இருக்கும் உலோகத்திலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் கசியக் கூடாது என்பது அங்கே இன்றைய வரம்பு.

காஞ்சிபுரத்துக்கென்று ஒரு சங்கடமும் உண்டு. முகூர்த்தப் புடவை எடுத்த கையோடு பெண்ணுக்கு மூக்கும் குத்திவிடலாம் என்று நினைக்கிற குடும்பங்கள் காந்தி ரோட்டுக்கு வருகின்றன. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும். பச்சைப் புண்ணில் முதல் பொட்டைக் கழற்றி வைர மூக்குத்தியை மாட்ட வேண்டும். அதற்குமேல் மாலையின் நாரும், கோர்வைப் புடவையின் முந்தானைச் சரிகையும் மணமேடையில் அந்த மூக்குத்தியில் மாட்டி இழுக்கும். புடவை நெய்து கைக்கு வரக் காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு மூக்குக்காகக் காத்திருப்பது பெரிய காரியம் இல்லை. வைகாசியில் கல்யாணம் என்றால் தையிலேயே மூக்கு குத்திவிடுங்கள்.