பூங்கோரையும் நெய்தல் பேராசிரியர்களும்

2019 ஆகஸ்ட் 18ஆம் நாள் இரவு, சென்னையை ஒட்டிய கடற்கரையில் அலைகள் நீல ஒளி வீசின. நாளிதழ்கள் ‘அதிசயம்’ என்றன. இலக்கிய நண்பர்கள் சிலர் ஒருபடி மேலே போய்க் கவிதையே எழுதிவிட்டார்கள். அடுத்த மாதம் மன்னார் வளைகுடாவில் பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையாயிற்று. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. இரண்டுக்கும் காரணமாகச் சொல்லப்பட்டது நாக்டிலூகா என்னும் ஒரே நுண்ணுயிர்தான். செத்த மீனுக்குக் கவிதை எதுவும் எழுதப்பட்டதாக நாம் அறியோம்.

அப்பகுதி மீனவர்கள் இதனைப் பூங்கோரை என்கிறார்கள். எத்தனை அழகான சொல்! தென்மேற்குப் பருவக்காற்று ஓயும் வேளையில் இது வரும் என்பதும், வந்தால் மீன் ஒதுங்கும் என்பதும் அவர்கள் பட்டறிந்தவை. 2008 அக்டோபரிலும் இதே வளைகுடாவில், தீவுகளைச் சுற்றி இது பெருகி மீன்களையும் பவளங்களையும் கொன்றது. நாக்டிலூகா நஞ்சு சுரப்பதில்லை. தன் உடலில் அம்மோனியாவைத் தேக்கி வைத்திருக்கிறது. கோடிக்கணக்கில் மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது. மீன்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன. இதன் ஒளியை வியந்தவர்கள் இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

நஞ்சைச் சுரக்கும் இனங்கள் வேறு. அவற்றின் கதையைக் கேட்க வடக்கே நெடுந்தொலைவு போகவேண்டும். அதே 2019இன் கோடையில், அலாஸ்காவின் ஜூனோ நகருக்கு அருகே ஆலாக் குஞ்சுகள் கொத்தாகச் செத்தன. அவற்றின் உடலில் சாக்சிடாக்சின் என்னும் நரம்பு நஞ்சு இருந்தது. அலெக்சாண்ட்ரியம் என்னும் நுண்ணுயிர் சுரக்கும் நஞ்சு அது. நுண்ணுயிரைச் சிறுமீன் தின்ன, சிறுமீனைத் தாய்ப்பறவை கொத்திவந்து குஞ்சுக்கு ஊட்டியிருக்கிறது. இந்த உயிரின் உறக்க வித்துகள் ஆர்க்டிக் கடலடியின் குளிர்ந்த சேற்றில் பெருந்திரளாகப் புதைந்து கிடக்கின்றன. குளிர் அவற்றை உறங்க வைத்திருந்தது. கடலடி சூடேறச் சூடேற விழித்துக்கொள்கின்றன.

2015, 2016 ஆண்டுகளில் நடந்தது இன்னும் பெரிது. வட பசிபிக்கின் வெப்ப அலையில், ‘மர்’ என்னும் கருப்பு வெள்ளைக் கடற்பறவைகள் கலிபோர்னியா முதல் அலாஸ்கா வரை கரை ஒதுங்கின. எண்ணப்பட்ட சடலங்கள் மட்டும் சுமார் 62,000. மாண்டவை ஏறத்தாழ 40 லட்சம், அதாவது அலாஸ்காவின் மர் பறவைகளில் பாதி என்று 2024இல் வெளியான ஆய்வு சொல்லிற்று. அங்கே முதன்மைக் காரணம் பட்டினி. சூடேறிய கடலில் அவற்றின் இரைமீன் குலைந்துபோயிற்று. சில உடல்களில் பாசி நஞ்சும் காணப்பட்டது. எல்லாவற்றையும் நஞ்சின் தலையில் கட்டுவதும் பொய்யே. அதைவிட நமக்கு உறைப்பது வேறொன்று. அந்த 62,000 என்ற எண் வந்ததற்கு ஒரு காரணம், ஒவ்வொரு மாதமும் கரையில் நடந்து செத்த பறவையை அளந்து எழுதிவைக்கும் சாதாரண மக்கள். ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள், கரையோரத்துக் குடிமக்கள்.

கலை இதில் செய்த வேலையையும் பார்ப்போம். 1961 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் கரையோர வீடுகளில் கடற்பறவைகள் வெறிபிடித்தாற்போல் வந்து மோதி விழுந்தன. அச்செய்தியைக் கேட்டறிந்த ஹிட்ச்காக் 1963இல் ‘பறவைகள்’ படத்தைத் தந்தார். மனிதரின் கண்ணைக் கொத்தும் பறவைகள்! அந்நாளில் எடுத்துப் பாதுகாத்த மாதிரிகளைப் பிற்காலத்தில் சோதித்தவர்கள், டோமோயிக் அமிலம் என்னும் மூளையைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும் பாசி அவற்றில் நிறைந்திருந்ததைக் கண்டார்கள். நஞ்சுண்டு தடுமாறிய உயிர்கள் திரையில் கொலைகாரர்களாயின. படத்தை நாமும் ரசித்தவர்கள்தாம்; அது மேதையின் படைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் பலியானவரைப் பகைவராக்கும் அந்த வித்தையை நம்மவர்களும் பயில்கிறார்கள். ‘கடலன்னையின் சீற்றம்’, ‘இயற்கையின் பழிவாங்கல்’ என்று எத்தனை தலையங்கங்கள்! வயலில் கொட்டிய உரமும் ஊர்ச் சாக்கடையும் கடலுக்குக் கொண்டு சேர்க்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும்தான் இத்தகைய பெருக்கத்திற்குத் தீனி என்று எழுதினால் நடை கெட்டுவிடுமோ?

‘வடதுருவத்துப் பறவைக்காக இங்கே ஏன் அழவேண்டும்’ என்று கேட்கும் நண்பர்களுக்கு வயலூர் என்ற பெயர் தெரிந்திருக்காது. கல்பாக்கத்தை அடுத்த அவ்வூரில் 1981இல் மட்டி தின்றவர்களுள் 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 3 பேர் இறந்தனர். அலாஸ்கா ஆலாக்களிடம் கண்ட அதே வகை நஞ்சு. சமைத்தாலும் அழியாதது. 1997இல் விழிஞ்ஞத்தில் சிப்பி தின்று 7 பேர் மாண்டனர்.

புதுக்கோட்டை மாவட்டத்திற்கும் கடல் உண்டு என்பதே பலருக்குச் செய்தி. கட்டுமாவடி தொடங்கி மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று சுமார் 40 கிலோமீட்டர். அதுவும் இலங்கைக் கடற்படை மீனவரைக் கைது செய்யும் நாளில் மட்டுமே அது செய்தித்தாளில் இடம்பெறுகிறது. இக்கடலை அடுத்துள்ள ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் நாம் ஆண்டுதோறும் ஐந்திணை நடத்துகிறோம். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறோம். கருப்பொருள் பட்டியலில் கடற்காக்கை உண்டு, மனப்பாடமாக ஒப்பித்தால் மதிப்பெண் உண்டு. வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஜெகதாப்பட்டினத்து மாணவனிடம், ‘உங்கள் கரையில் ஆலா செத்து ஒதுங்கினால் அப்பா என்ன சொல்வார்’ என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அவன் வீட்டுச் சொற்கள் நம் பாடத்திட்டத்திற்கு வெளியே நிற்கின்றன. நச்சினார்க்கினியருக்கு ஒரு கருத்தரங்கம் என்றால் நிதி கிடைக்கிறது. பூங்கோரைக்கு ஒரு அகராதிப் பதிவுக்கூட நாம் முயலவில்லை.

வருகிற பனிக்காலத்தில் நெய்தல் திணை பற்றிக் கருத்தரங்கம் நடத்தவிருக்கும் கல்லூரிகள் அதில் ஒரு நாளையேனும் குளிரூட்டிய அரங்கை விட்டுக் கோட்டைப்பட்டினம் கரைக்கு மாற்றட்டும். தலைமையுரைக்கு ஒரு மீனவரை அழையுங்கள். கையில் நோட்டும் அளவுகோலும் கொண்டு போங்கள். செத்த பறவை கிடந்தால் நாள், இடம், இனம், இறகின் நீளம் குறித்துக்கொள்ளுங்கள். சான்றிதழும் சால்வையும் அதற்கப்புறம் இருக்கட்டும்.